சேறு திரும்பி வந்தால் போதுமா?

எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலில் கிட்டத்தட்ட எல்லோரும் ஒப்புக்கொண்டுவிட்ட ஒரு கருத்து உண்டு. கிணற்றுக்குள் செலுத்திய சேறு மேலே திரும்பாமல் பாறைக்குள் ஓடிவிட்டால் அது ஓர் ஒழுகல். ஒழுகலுக்கு மருந்து அடைப்பான். அபிரகத் தகடு, வால்நட் ஓட்டுத் தூள், பருத்திக்கொட்டைத் தோல், சுண்ணாம்புக்கல் பொடி, கிராஃபைட், செலோபேன் துண்டு என்று துளையிடும் மேடையான ரிக்கின் கிடங்கில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். மணிக்கு இத்தனை பீப்பாய் இழப்பென்றால் இன்ன கலவை என்று அட்டவணையும் தயாராக இருக்கும். கலவையைக் கரைத்துக் கீழே அனுப்புவார்கள். சேறு திரும்பத் தொடங்கியதும் இழப்பு சரியாயிற்று என்று அன்றைய அறிக்கையில் எழுதிவிட்டுத் துளையைத் தொடர்வார்கள். பயிற்சி வகுப்புகளும் சேறு விற்கும் நிறுவனங்களின் கையேடுகளும் பெரும்பாலும் இதைத்தான் சொல்லித் தருகின்றன.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். அடைப்பான்கள் பயனற்றவை என்பது என் வாதமல்ல. எங்கே அவை தேவையோ அங்கே அவற்றுக்கு மாற்றில்லை. ஆனால் ஆழக் கிணறுகளில் நேரும் மிக ஆபத்தான இழப்புகள் ஒழுகல்களே அல்ல. அங்கே சேற்றின் அழுத்தம் பாறையின் தாங்குதிறனை மீறிவிட்டது, பாறை பிளந்துவிட்டது. பிளவை அடைத்துச் சேற்றைத் திருப்பிக் கொண்டுவருவதால் அழுத்தமும் குறைவதில்லை, தாங்குதிறன் தானாகக் கூடியும் விடுவதில்லை. இழப்பு நின்றதைக் கிணறு சரியானதாகக் கணக்கில் ஏற்றும் பழக்கம் உயிர்களைக் காவு வாங்கும் பழக்கம்.

சேறு என்ற பெயரைக் கேட்டு வயற்சேற்றை நினைத்துவிடக் கூடாது. நீரையோ எண்ணெயையோ அடிப்படையாக வைத்து, களிமண்ணும் பேரைட் என்ற கனமான தாதுப்பொடியும் வேதிப்பொருட்களும் சேர்த்து, காலனுக்கு இத்தனை பவுண்டு என்று எடை பார்த்துத் தயாரிக்கும் திரவம் அது. டிரில் பைப்புக்குள் இறங்கி, பாறையை வெட்டும் பிட்டின் முனையில் பீய்ச்சியடித்து, வெட்டுண்ட பாறைத் துகள்களை வாரிக்கொண்டு, பைப்புக்கும் துளைச் சுவருக்கும் நடுவிலுள்ள வளைய வெளியில் ஏறி மேலே வருகிறது. பிட்டைக் குளிர்விப்பதும் துகளை அகற்றுவதும் கண்ணுக்குத் தெரிகிற வேலைகள். கண்ணுக்குத் தெரியாத வேலைதான் பெரியது: பாறையின் நுண்துளைகளில் பெரும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கும் எண்ணெயும் வாயுவும் கிணற்றுக்குள் பாய்ந்துவிடாமல், தன் எடையாலேயே அவற்றை அமுக்கிப் பிடிப்பது. எடை குறைந்தால் வாயு உள்ளே வந்துவிடும். எடை கூடினால் துளைச் சுவரே பிளந்து சேறு உள்ளே ஓடிவிடும். இந்த இரண்டு எல்லைகளுக்கு நடுவில்தான் துளையிட முடியும்.

நிலத்தில் இந்த இடைவெளி பெரும்பாலும் தாராளமாகவே இருக்கும். ஆழ்கடலில் அது சுருங்கிப் போகிறது. காரணம் எளிமையானது. ஐயாயிரம் அடிக்குப் பாறையும் மண்ணும் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் அங்கே கடல்நீர் நிற்கிறது. நீரின் எடை பாறையின் எடையில் பாதிகூட இல்லை. மேலிருந்து இறுக்கும் சுமை குறைந்ததால் கீழேயுள்ள பாறையைப் பிளக்கக் குறைந்த அழுத்தமே போதும். ஆனால் அதே பாறைக்குள் அடைபட்ட எண்ணெயின் அழுத்தம் அதற்கேற்பக் குறைந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

இதற்குமேல் இன்னொன்று சேருகிறது. பம்ப் நின்றிருக்கும்போது சேறு தன் எடையை மட்டுமே அடியில் இறக்குகிறது. பம்ப் ஓடும்போது, அந்தக் குறுகலான வளைய வெளியில் உராய்ந்து ஏறுவதற்கான அழுத்தமும் அடியில் சேர்ந்துகொள்கிறது. ஒரே சேறு, நிற்கும்போது ஓர் எடையும் ஓடும்போது அதைவிடக் கூடிய எடையும் உள்ளதுபோல நடந்துகொள்ளும். 18,000 அடி ஆழத்தில், காலனுக்கு அரை பவுண்டு வித்தியாசம் என்பது சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 470 பவுண்டு அழுத்தம். இடைவெளி குறுகிய கிணற்றில் பம்பின் வேகத்தைச் சற்றே கூட்டியதாலேயே பாறை பிளந்த கதைகள் உண்டு.

இழப்பில் இரண்டு இனம் உண்டு என்பதை எல்லாப் பாடநூல்களும் சொல்கின்றன. சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்தில் மறந்துவிடுகின்றன. பருமணல், சரளை, இயற்கையாகவே வெடிப்போடிய சுண்ணாம்புக்கல் ஆகியவற்றில் ஏற்கெனவே திறந்திருக்கும் வழிகளில் சேறு புகுவது ஒரு வகை. இங்கே வழியின் அளவு பாறைக்குச் சொந்தமானது. நாம் அழுத்துவதால் அது பெரிதாக மாறுவதில்லை. ஆகவே அளவறிந்து துகள் போட்டால் அடைபடும். 1977-இல் ஏப்ரம்ஸ் வகுத்துக்கொடுத்த விதி இன்றும் பயன்படுகிறது: அடைப்புத் துகளின் இடைநிலை அளவு, பாறைத் துளையின் இடைநிலை அளவில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். மெல்லிய படலமாகச் சுவரில் படிந்து, சேற்றின் நீர் உள்ளே வடிந்துபோகாமல் காக்கும் ஸ்டார்ச்சும் செல்லுலோஸ் சேர்மங்களும் இதே குடும்பம். இவற்றை நான் குறைசொல்லவில்லை. இவை இல்லாமல் மணற்படுகையில் கிணறே நிற்காது.

நாமே பிளந்த பிளவில் புகுவது இன்னொரு வகை. இந்தப் பிளவுக்குச் சொந்த அளவு கிடையாது. அழுத்தம் கூடினால் அகலும், குறைந்தால் சுருங்கும். வரப்பில் நண்டுவளை வழியே நீர் கசிந்தால் ஒரு கை மண்ணை அப்பி மிதித்தால் நின்றுவிடும். வயலில் நீர்மட்டம் ஏறி வரப்பே வெடித்துக் கசிகிறதென்றால், விவரம் தெரிந்த விவசாயி முதலில் ஓடிப்போய் மடையைத் திறந்துவிடுவார். மண்ணைத் தேடுவது அதற்குப் பிறகுதான். துளையிடும் தொழிலில் இந்த வரிசையைத் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம். மண் மூட்டைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால் மடையின் நினைவே வருவதில்லை.

இனி மக்கோண்டோவுக்கு வருகிறேன். மெக்சிகோ வளைகுடாவில், லூசியானா கரைக்கு அப்பால், ஏறத்தாழ ஐயாயிரம் அடி நீராழத்தில் பிபி நிறுவனம் தோண்டிய கிணறு. 2010 ஏப்ரல் 20 இரவு அங்கே டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் வெடித்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தக் கிணற்றைப் பற்றி எழுதப்பட்டவை மலையளவு. ஆபத்தில் கிணற்றை மூட வேண்டிய புளோஅவுட் பிரிவென்டர் ஏன் மூடவில்லை, சிமெண்ட் ஏன் இறுகவில்லை என்பவற்றை எல்லோரும் பேசினார்கள். அந்தக் கிணறு சேற்றைக் குடித்த கதையை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. எனக்கு அந்தக் கடைசி நாட்களின் எல்லா முடிவுகளும் அந்த இழப்பிலிருந்தே கிளைத்தவையாகத் தெரிகின்றன.

அமெரிக்க அதிபர் அமைத்த விசாரணை ஆணையம் 2011 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கை இதைத் தெளிவாகவே பதிவு செய்திருக்கிறது. அந்தக் கிணற்றில் முன்பே பலமுறை சேறு போயிருந்தது. கடைசி இழப்பு ஏப்ரல் 9 அன்று, எண்ணெய்ப் படுகைக்குள் பிட் நுழைந்த பிறகு, 18,193 அடியில் நிகழ்ந்தது. சேற்றின் அழுத்தம் பாறையின் வலுவை மீறியது, சேறு திரும்பவில்லை. தொழிலின் வழக்கப்படி 172 பீப்பாய் அடைப்புக் கலவையைக் கீழே அனுப்பினார்கள். வேலை செய்தது. சேறு திரும்பியது.

கையேட்டின்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிபியின் கரைப் பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். படுகையின் எண்ணெயை அமுக்கிவைக்கக் காலனுக்கு 14 பவுண்டு எடையுள்ள சேறு வேண்டும். அந்தச் சேற்றைச் சுழலவிட்டு மேலும் ஆழமாகத் துளைத்தால் அடியில் ஏறத்தாழ 14.5 பவுண்டுக்கு நிகரான அழுத்தம் வரும். அது பாறையை மறுபடியும் பிளக்கும். துளையிட இனி இடைவெளி இல்லை என்று முடிவு செய்தார்கள். 20,200 அடிக்குத் திட்டமிட்ட கிணற்றை 18,360 அடியோடு நிறுத்தினார்கள். கூட்டாளி நிறுவனங்களுக்குச் சொன்ன காரணம், கிணற்றின் உறுதியும் பாதுகாப்பும்.

அந்தக் கணக்கைப் போட்டவர்களை நான் மதிக்கிறேன். 172 பீப்பாய் கலவை சேற்றைத் திருப்பியதே தவிர இடைவெளியைத் திருப்பித் தரவில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அடைப்பான் வெற்றி பெற்ற அதே நாட்களில், அந்த வெற்றியை நம்பி மேலும் துளைக்க முடியாது என்று அந்நிறுவனத்தின் பொறியாளர்களே எழுதிக் கொடுத்தார்கள். என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்றை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

துளைப்பதை நிறுத்தினார்கள், ஆனால் இழப்பு நிற்பதே வெற்றி என்ற சிந்தனை நிற்கவில்லை. அடுத்த பதினொரு நாட்கள் முழுவதையும் அதுவே ஆண்டது. அடியில் சிமெண்ட் போட வேண்டும். சிமெண்டும் ஒரு கனமான திரவம்தான். அதுவும் பிளவுக்குள் ஓடிவிடலாம். அந்த அச்சத்தில் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தார்கள். சிமெண்ட் போடுவதற்கு முன் கிணற்றின் அடியிலுள்ள சேறு முழுவதும் மேலே வரும்வரை சுழற்றிச் சுத்தம் செய்வது நல்ல வழக்கம். அதற்கு 2,760 பீப்பாய் சுழன்றிருக்க வேண்டும். சுழன்றது ஏறத்தாழ 350. சிமெண்டை நிமிடத்துக்கு 4 பீப்பாயோ அதற்கும் குறைவாகவோ மெதுவாகத் தள்ளினார்கள். மொத்தம் ஏறத்தாழ 60 பீப்பாய்தான்; கொஞ்சம் பிசகினாலும் பற்றாத அளவு. எடையைக் குறைக்க நைட்ரஜன் குமிழிகளைக் கலந்து நுரைச் சிமெண்டாக ஆக்கினார்கள்; நுரை நிலையாக நிற்குமா என்ற கேள்விக்கு ஆய்வகச் சோதனைகள் நல்ல பதில் தந்திருக்கவில்லை. இந்த நான்கும் நான்கு தனித் தவறுகள் என்று பட்டியலிடுவோர் உண்டு. சேறு போய்விடக் கூடாது என்ற ஒரே கவலையின் நான்கு பிள்ளைகள் இவை.

ஏப்ரல் 20, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் சிமெண்ட் வேலை முடிந்தது. உள்ளே தள்ளிய அளவுக்குச் சேறு மேலே திரும்பியது, இழப்பு இல்லை. அதுவே போதும் என்று கொண்டாடினார்கள். சிமெண்ட் சரியான இடத்தில் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று கருவி இறக்கிப் பார்க்க ஷ்லம்பர்ஜே நிறுவனத்தின் குழு ரிக்கில் காத்திருந்தது. இழப்பு நேர்ந்தால் மட்டுமே அந்தச் சோதனை என்று முன்பே முடிவு செய்து வைத்திருந்தார்கள். இழப்பு நேராததால் அந்தக் குழுவைக் காலையிலேயே திருப்பியனுப்பினார்கள். மிச்சமான தொகை ஏறத்தாழ 1,28,000 டாலர். சேறு முழுதாகத் திரும்பியது என்றால் சிமெண்ட் பிளவுக்குள் ஓடவில்லை என்று மட்டுமே பொருள். அது எங்கே போய் நின்றது, சேற்றோடு கலந்து கெட்டதா, ஒரு பக்கம் வழிவிட்டு நின்றதா என்பவற்றில் ஒன்றைக்கூட அது சொல்லாது. ஆணையமும் இதையே எழுதியிருக்கிறது. திரும்பி வரும் சேற்றின் அளவு ஒன்றே கிணற்றின் நலம் என்று ஆண்டாண்டாகப் பழகிய கண்களுக்கு இது தெரியாமல் போனதில் எனக்கு வியப்பில்லை. வேதனைதான்.

அடைப்பான் இந்தக் கதையில் இன்னொரு முறையும் வருகிறது. மேலும் இழப்பு வந்தால் இருக்கட்டும் என்று கரைத்து வைத்த இரண்டு விதமான அடைப்புக் கலவைகள் ரிக்கில் மிஞ்சிக் கிடந்தன. கரைக்குக் கொண்டுபோனால் அபாயக் கழிவுக்கான சட்டப்படி அகற்ற வேண்டும். கிணற்றுக்குள் ஒருமுறை சுற்றி வந்த நீர்வகைத் திரவம் என்றால் கடலில் ஊற்றிவிட விதிவிலக்கு உண்டு. ஆகவே கிணற்றின் எண்ணெய்ச் சேற்றையும் கடல்நீரையும் கலக்காமல் பிரித்து நிறுத்தும் இடைத்திரவமாக அந்த மிச்சக் கலவைகளையே சேர்த்துப் பயன்படுத்தினார்கள். வழக்கத்துக்கு மாறான பெரிய அளவு, 400 பீப்பாய்க்கும் மேல். அதுவரை பிபியோ அந்த ரிக்கில் இருந்த எவருமோ அத்தகைய கலவையை இடைத்திரவமாகப் பயன்படுத்தியதில்லை; அந்த வேலைக்கு அதை முறையாகச் சோதிக்கவும் இல்லை.

பிறகு நடந்தது எதிர்மறை அழுத்தச் சோதனை. கிணற்றுக்குள் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, கீழிருந்து ஏதாவது பாய்கிறதா என்று பார்ப்பது. டிரில் பைப்பில் 1,400 பவுண்டு அழுத்தம் காட்டியது. அதே கிணற்றோடு இணைந்த கில் லைன் என்ற பக்கக் குழாயில் பூஜ்யம். இரண்டும் ஒரே அழுத்தத்தைக் காட்டியிருக்க வேண்டும். பாறையின் பிளவை அடைப்பதற்கென்றே செய்த அந்தக் கெட்டியான கலவை கில் லைனை அடைத்திருக்கலாம் என்பது ஆணையம் முன்வைத்த சாத்தியங்களில் ஒன்று. உறுதியாக நிறுவப்பட்டதல்ல, அதற்குமேல் நான் அதை நீட்டவில்லை. ஆனால் அடைக்கும் குணம் கொண்ட பொருள் பாறையை மட்டும் தேர்ந்து அடைக்காது என்பதை எந்த ரிக் தொழிலாளரும் சொல்வார். பிட்டின் துளைகள், பைப்புக்குள் இருக்கும் அளவைக் கருவிகள், வால்வுகள் எல்லாமே அதற்கு ஒன்றுதான். கில் லைனில் காட்டிய பூஜ்யத்தை நம்பிச் சோதனை தேறிவிட்டதாக அறிவித்தார்கள். அன்றிரவு பத்து மணிக்குச் சற்று முன் கிணறு வெடித்தது.

கடலில் பீறிட்டுக்கொண்டிருந்த எண்ணெயை நிறுத்த மே மாத இறுதியில் உலகமே பார்க்க ஒரு முயற்சி நடந்தது. 30,000 பீப்பாய்க்கும் அதிகமான கனச்சேறு, நிமிடத்துக்கு 80 பீப்பாய் வரை வேகம். கூடவே டயர் ரப்பர்த் துண்டுகள், கோல்ஃப் பந்துகள், முடிச்சிட்ட கயிறுகள். அடைப்பான் என்ற சிந்தனை போகக்கூடிய எல்லைவரை போயிற்று. கிணற்றின் அழுத்தத்துக்கு முன் அது நிற்கவில்லை. மூன்று நாட்களில் கைவிட்டார்கள். ஜூலை 15 அன்று மேலே புதிய மூடியைப் பொருத்தி வால்வுகளை மூடிய பிறகுதான் எண்ணெய் நின்றது. வெடித்து 87 நாட்கள் ஆகியிருந்தன.

இங்கே எதிர்த்தரப்பு சொல்லும் முதல் பதிலை அறிவேன். மக்கோண்டோ தோற்றது சிமெண்டால். சோதனையைத் தவறாகப் படித்ததால். அடைப்புக் கலவை தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதன்மேல் பழி போடுவது அநியாயம். கலவை தன் வேலையைச் செய்தது என்பதை நானும் மறுக்கவில்லை. நான் பழி சொல்வது கலவைமேல் அல்ல. அது வெற்றி பெற்றதும் எல்லோருடைய மனத்திலும் அந்தக் கிணறு சாதாரணக் கிணறாக மாறிவிட்டதே, அதன்மேல்தான். இடைவெளி தீர்ந்துபோன கிணற்றில் சிமெண்டைச் சோதிக்க இழப்பு நேர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது எந்த அறிவு? அந்த நிபந்தனையை எழுதியவர் முட்டாள் இல்லை. இழப்பு இல்லையெனில் சிக்கல் இல்லை என்று தொழில் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது.

இரண்டாவது பதில் கனமானது. அடைப்பான்கள் வெறும் ஒழுகலை நிறுத்துபவை என்ற காலம் போய்விட்டது. சரியான துகளைச் சரியான அளவில் கலந்தால் பாறையையே பலப்படுத்தலாம் என்கிறார்கள். இதற்கு நல்ல ஆய்வுகள் உண்டு. 1980-களின் நடுவில் நடந்த கூட்டு ஆய்வுத் திட்டம் ஒன்று, பிளவின் முனையைத் திடப்பொருள் மூடினால் பிளவு பரவ அதிக அழுத்தம் தேவைப்படுகிறது என்று காட்டியது. 2004-இல் பிபியைச் சேர்ந்த ஆல்பர்ட்டியும் மெக்லீனும் அழுத்தக் கூண்டு என்ற கருத்தை முன்வைத்தார்கள். சிறு பிளவு ஒன்றை வேண்டுமென்றே திறந்து, அதன் வாயில் துகள்களை ஆப்பாக நிறுத்தினால், பிளவு மூட முயன்று அந்த ஆப்பை நெரிக்கும். அதனால் துளையைச் சுற்றிலும் இறுக்கம் கூடும். அடுத்த பிளவு திறக்க முன்பைவிட அதிக அழுத்தம் வேண்டியிருக்கும். அழகான கருத்து. எண்ணெய் எடுத்து அழுத்தம் குறைந்துபோன மணற்பாறைகளில் இது பயன் தந்திருப்பதையும் ஏற்கிறேன்.

ஆனால் அந்தக் கருத்தின் நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். வாயில் ஆப்பு நின்ற பிறகு, அதற்கு உட்புறம் பிளவுக்குள் சிக்கிய சேறு பாறைக்குள் வடிந்துபோக வேண்டும். அது வடிந்தால்தான் உள்ளழுத்தம் குறைந்து பிளவு மூட முயலும். மூட முயன்றால்தான் ஆப்பு நெரிபடும். மணற்பாறையில் வடியும். களிப்பாறையில் வடிய வழியில்லை. அங்கே ஆப்புக்குப் பின்னால் அழுத்தம் அப்படியே தேங்கி நிற்கும், கூண்டு உருவாகாது. ஆழக் கிணற்றின் திறந்த பகுதி மணலும் களியும் அடுக்கடுக்காக மாறிவருவது. எந்த அடுக்கு பிளந்தது என்பதே பல நேரங்களில் ஊகம்தான். அதோடு, எண்ணெய்வகைச் சேற்றில் பிளவின் முனை மூடுவது நீர்வகைச் சேற்றைவிடக் கடினம் என்பதும் அந்த 1980-களின் ஆய்வே காட்டியது. மக்கோண்டோவில் இருந்தது செயற்கை எண்ணெய்வகைச் சேறு.

இன்னொன்றும் உண்டு. பலப்படுத்தும் முறை என்பது முன்கூட்டியே செய்யும் வடிவமைப்பு. பாறையின் விறைப்பு, எதிர்பார்க்கும் பிளவின் அகலம், அதற்கேற்ற துகளளவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, பிளவு வருமுன்பே சேற்றில் கலந்து, பிறகு அழுத்தம் கொடுத்துச் சோதித்து, எவ்வளவு கூடியது என்று அளப்பது. 2005-இல் எக்ஸான்மொபிலின் டுப்ரியெஸ்ட் எழுதிய முறையும் இழப்பைப் பாறையின் இறுக்கம் பற்றிய கணக்காகவே அணுகியது. இந்த ஆய்வாளர்கள் எல்லோரும் அழுத்தத்தைப் பற்றித்தான் பேசினார்கள். நள்ளிரவில் சேறு மறைந்ததும் கைக்குக் கிடைத்த மூட்டைகளைக் கொட்டுவதை நியாயப்படுத்த அவர்கள் பெயரை இழுப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

பிளந்த கிணறு ஆட்களைக் குழப்பவும் செய்யும். பம்ப் ஓடும்போது பிளவு திறந்து சேற்றை உள்ளிழுக்கும். பம்ப்பை நிறுத்தினால் சுருங்கி வெளியே தள்ளும். நின்ற கிணற்றிலிருந்து சேறு வழிகிறதென்றால் அது பிளவு துப்பியதாகவும் இருக்கலாம், வாயு உள்ளே வருவதாகவும் இருக்கலாம். முதலாவது என்று நினைத்து இரண்டாவதை விட்டுவிட்டால் விளைவு மரணம். அடைப்பான் இந்தக் குழப்பத்தை நீக்குவதில்லை. பாதி அடைத்த பிளவு இன்னும் புரியாத விதத்தில் நடந்துகொள்ளும்.

எல்லா இழப்பையும் அடைத்தே ஆக வேண்டும் என்பதும் உண்மையல்ல. ஐஸ்லாந்தின் ரேக்யானெஸ் முனையில் 2016 ஆகஸ்டில் தொடங்கி 2017 ஜனவரியில் முடித்த ஆழத் துளைத் திட்டக் கிணறு 4,659 மீட்டர் வரை இறங்கியது. ஏறத்தாழ மூவாயிரம் மீட்டருக்குக் கீழே சுழற்சி முழுவதும் போய்விட்டது. அடைப்புப் பொருள், சிமெண்ட் என்று மீண்டும் மீண்டும் முயன்றும் பலனில்லை. அதற்குப் பிறகு அடைப்பதை விட்டுவிட்டு, ஒரு துகளும் மேலே வராத நிலையிலேயே நீரைச் செலுத்திக்கொண்டு தொடர்ந்து துளைத்து இலக்கை எட்டினார்கள். அடியில் 427 பாகை செல்சியஸ் அளந்தார்கள். அது புவிவெப்பக் கிணறு; அங்கே நீர் புகும் வெடிப்புகள்தான் நாளை நீராவி வரும் வழிகள். அவற்றை வெற்றிகரமாக அடைத்திருந்தால் கிணறு வீணாகியிருக்கும். நம் டெல்டாவின் மணற்படுகைகளில் பெண்டோனைட் கரைசலோடு போடும் ஆழ்குழாய்க் கிணறுகளிலும் இதே பாடம் உண்டு: சுவரில் படிந்த களிப்படலத்தைக் கம்ப்ரசர் வைத்து அடித்து வெளியேற்றாவிட்டால் நல்ல ஊற்றும் வற்றிய ஊற்றுபோல் தோன்றும். எண்ணெய்ப் படுகையிலும் அடைப்பான் கிணற்றின் விளைச்சலைத் தின்னும். அமிலத்தில் கரையும் சுண்ணாம்புக்கல் பொடிக்கு அங்கே மதிப்பு வந்ததே அதனால்தான்.

கடைசியாகச் சொல்லப்படுவது பணம். அடைப்புக் கலவைக்கு ஆகும் செலவு சில மணி நேரம்; துளைச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாயான கேசிங் ஒன்றைக் கூடுதலாக இறக்கிச் சிமெண்ட் போட நாட்கள் ஆகும். மக்கோண்டோவில் ஒரு நாள் செலவு ஏறத்தாழ பத்து லட்சம் டாலர். வேலை ஆறு வாரம் பின்தங்கியிருந்தது; 9.6 கோடி டாலர் என்று போட்ட மதிப்பீட்டுக்கு மேல் 5.8 கோடிக்கும் அதிகமாகச் செலவாகியிருந்தது. மலிவான மருந்தை நோக்கிக் கை நீளுவது இயல்பு என்கிறார்கள். இயல்புதான். அதனால்தான் அதை ரிக்கில் இருப்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். அமெரிக்கக் கடல் துளையிடலை மேற்பார்க்கும் அமைப்பு 2016-இல் கொண்டுவந்த விதியில், சேற்றின் எடைக்கும் பாறை பிளக்கும் எல்லைக்கும் நடுவே காலனுக்கு அரை பவுண்டு இடைவெளி வேண்டும் என்று எழுதியது. பல ஆழ்கடல் கிணறுகளைத் தோண்டவே முடியாமல் போய்விடும் என்று தொழில்துறை எதிர்த்தது. தக்க ஆதாரம் காட்டினால் குறைந்த இடைவெளிக்கும் அனுமதி பெறும் வழி அந்த விதியிலேயே இருக்கிறது. அரை பவுண்டு இடைவெளிகூட இல்லாத, அதற்கான ஆதாரமும் காட்ட முடியாத கிணற்றைத் தோண்டாமல் விடுவதில் எனக்கு எந்த இழப்பும் தெரியவில்லை.

பிளவு இழப்பு ஏற்பட்ட கிணற்றில் என்ன செய்ய வேண்டும் என்பதில் புதுமை ஏதும் இல்லை. எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவை. முதலில் பம்பின் வேகத்தையும், அடியிலுள்ள எண்ணெய் அனுமதிக்கும் அளவுக்குச் சேற்றின் எடையையும் குறைக்க வேண்டும். மேலிருந்து அழுத்தத்தை நுணுக்கமாகக் கட்டுப்படுத்தும் துளையிடல் முறை கைவசம் இருந்தால் அதற்கு மாற வேண்டும். தேவைப்பட்டால் கேசிங்கைத் திட்டமிட்டதற்கு முன்பே இறக்க வேண்டும். அடைப்புக் கலவை போடுவதென்றால் போடலாம். ஆனால் சேறு திரும்பியதும் அறிக்கையில் இழப்பு சரியாயிற்று என்று எழுதக் கூடாது. பிளந்தபோது அடியில் இருந்த அழுத்தம் எவ்வளவு, கலவை போட்ட பிறகு பாறை தாங்கியது எவ்வளவு, எண்ணெயை அமுக்கத் தேவையானது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் எழுத வேண்டும். இரண்டாவது எண்ணை ஊகித்து எழுதக் கூடாது. கிணற்றை மூடி, மெதுவாக அழுத்தம் ஏற்றி, அளந்து எழுத வேண்டும். அந்தச் சோதனை முடியும்வரை கிணற்றின் ஆழம் ஓர் அடிகூட அதிகரிக்கக் கூடாது.